கூப்பிடு தூரத்தில் ஒரு கூடாரம்

வாசகர் கேள்வி - பதில்

திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஏக்கத்தைத்தான் வேறு வேறு சொற்களில் சொல்கின்றன: கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஓர் இரவு வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்பதே அது. அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நண்பர்கள் நால்வர் சேர்ந்து டென்ட் வாங்கியிருக்கிறோம். மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கமோ, காரையாறு அணைக்கு மேலேயோ ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்க ஆசை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அத்தனை பேர் குடில் போட்டுத் தங்கும்போது, நாங்கள் நான்கு பேர் தங்குவதில் என்ன தவறு?
— வாசகர், மேலப்பாளையம்

அங்கே தங்க முடியாது. தங்க முயலவும் வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இடங்கள் அனைத்தும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியவை. 1962-இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறைச் சரணாலயத்தையும் 1976-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு சரணாலயத்தையும் இணைத்து, 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அது உருவானது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களும் அந்தக் காட்டின் நடுவில்தான் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதும் தங்குவதும் குற்றம்; அங்கே தீ மூட்டுவது தனிக் குற்றம். சோதனைச் சாவடியில் பகல் நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு மாலையில் எங்காவது ஒதுங்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். யானையும் கரடியும் இரவில் நடக்கும் பாதை எது என்று உங்களுக்குத் தெரியாது என்பதையும், நீங்கள் அங்கே இருப்பது வனத்துறைக்குத் தெரியாது என்பதையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால் அந்த யோசனையின் ஆபத்து புரியும். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. அந்தக் கடுமை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

சொரிமுத்து அய்யனார் கோயிலின் நிலை வேறு. ஆடி அமாவாசையை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும், குறிப்பிட்ட இடத்தில், மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் கொடுக்கும் அனுமதி அது. குலதெய்வத்தைத் தேடி வரும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுப் பொங்கலிட்டு வந்த வழக்கத்துக்கு அளிக்கப்படும் இடம். பக்தி உள்ளவர்கள் கட்டாயம் ஒருமுறை போய்வர வேண்டும். ஆனால் அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு அது உரிய இடமும் அன்று, உரிய நாளும் அன்று.

காட்டை முறையாகப் பார்க்க விரும்பினால், தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளுடன் தொடங்கிய திட்டத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியுடன் பகலில் நடந்து திரும்புங்கள். கூடாரத்தை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் தங்கக்கூடாது என்றால் வேறு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் ஊரும் வயலுமாக இருக்கும் நம் மாவட்டத்தில் தனிமையான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பாளையங்கோட்டை

அமைதி மலையில்தான் இருக்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கூடாரத்தைச் சுமந்து திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அது அதிகம் கிடைத்தது சமவெளியில்தான். மலைக்குப் போகும் சாலை ஒன்றே ஒன்று. அதன் முடிவில் எல்லா வண்டிகளும் வந்து சேர்ந்துவிடும். நாங்குநேரிக்கும் திசையன்விளைக்கும் இடையிலும், இட்டமொழி, சாத்தான்குளம் பக்கத்திலும் நூற்றுக்கணக்கான மண்பாதைகள் உண்டு. அவற்றின் முடிவில் ஒரு கிணறும் நான்கு பனையும் ஒரு வேப்பமரமும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். பனையும் முருங்கையும் நிற்கும் மேட்டு நிலத்தை எங்கள் பக்கத்தில் விளை என்போம். ஒரு விளையின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு அங்கே தங்கும் இரவைப் போல நிம்மதியான இரவு வேறில்லை.

முதலில் வீட்டில் உட்கார்ந்து கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அமைதியைக் கெடுக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கயத்தாற்றிலிருந்து திருநெல்வேலி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை போகும் நான்குவழிச் சாலையில் இரவு முழுவதும் லாரி ஓடும். அதன் இரு பக்கமும் மூன்று கிலோமீட்டராவது தள்ளி நில்லுங்கள். வெள்ளைக் குழியாகத் தெரிவது கல்குவாரி. அருகில் கிரஷர் இருக்கும், விடியுமுன்பே டிப்பர் லாரி வரத் தொடங்கிவிடும். வரிசையாகச் சிறு வெண்புள்ளிகளும் அவற்றுக்குப் போகும் பாதைகளும் தெரிந்தால் அவை காற்றாலைகள். பணகுடி, ராதாபுரம், வடக்கன்குளம் வட்டாரத்தில் ஆனி, ஆடிக் காற்றில் அவை சுழலும்போது, இறக்கை ஒவ்வொன்றும் தூணைக் கடக்கையில் எழும் வீச்சொலி இரவு முழுவதும் நிற்காது. பகலில் போய்ப் பார்ப்பவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. படுத்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது காற்றின் திசை. கோடைக்குப் பின் நம் பக்கத்தில் அடிப்பது மேல்காற்று. ஊரின் ஓசையை அது கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே அந்த நாட்களில் ஊருக்கு மேற்கே தங்கினால் அரைக் கிலோமீட்டரிலேயே அமைதி கிடைக்கும், கிழக்கே தங்கினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் கிடைக்காது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும்போது இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத இரவுகளிலும் ஒரு சங்கடம் உண்டு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சூடாக இருக்கும்போது, ஓசை மேலே போய்க் கலையாமல் வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேட்காத தொலைவிலிருந்து இரவில் பாட்டுக் கேட்பது அதனால்தான்.

பாட்டு என்றதும் நாட்காட்டியைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியிலும் ஆடியிலும் அம்மன் கோயில்களில் கொடைத் திருவிழா நடக்கும். கரகாட்டமும் வில்லுப்பாட்டும் விடிய விடியக் குழாய் ஒலிபெருக்கியில் வரும். மார்கழியில் அதிகாலை நான்கரைக்கே ஊர்க்கோயிலில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். பங்குனி உத்திரத்தன்று, மற்ற நாளெல்லாம் ஆளே இல்லாத சாஸ்தா கோயில்களில்கூடக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. அவை ஊராரின் நாட்கள். நமக்கு வேண்டியது புரட்டாசியின் பிற்பகுதியோ, தை இறுதியும் மாசித் தொடக்கமுமோ. அதிலும் செவ்வாய், புதன் போன்ற வார நாட்கள். வானம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய இரவைத் தேர்ந்தெடுங்கள். பனங்காட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாசியிலிருந்து ஆனி வரை பதனீர்க் காலம். அப்போது பனையேறிகள் இருட்டோடு வந்துவிடுவார்கள். அது அவர்களின் தொழிலிடம், நாம் நடுவில் கூடாரம் போட்டு வழிமறிக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்து இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு மாலை நேரத்தில் நேரில் போங்கள். அருகில் டீக்கடை இருந்தால் அங்கே நிலம் யாருடையது என்று விசாரியுங்கள். சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால், பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் எத்தனை பேர், எத்தனை இரவு, தீ மூட்ட மாட்டோம், பாட்டில் கொண்டுவர மாட்டோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கலாமா என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனால் போதும். புறம்போக்கு, குளம், ஓடை என்று ஆளில்லாத நிலமாகத் தெரிவதில் கேட்காமல் தங்குவதைவிட, பட்டா நிலத்தில் கேட்டுத் தங்குவதே எப்போதும் மேல்.

இடம் தேர்வதில் எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு கிடைக்காரர். பிசான நெல் அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு, வருடத்தில் பாதி நாள் வெட்டவெளியில் படுக்கிறவர். முனைஞ்சிப்பட்டிக்குத் தெற்கே ஒரு தரிசில் நான் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் தம் செம்பிலிருந்து ஒரு கை தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது இரண்டு சாண் தூரம் ஓடி, நான் தலைவைத்துப் படுக்க இருந்த இடத்தில் போய் நின்றது. “தண்ணி எங்க போவுதுன்னு பாருங்க அண்ணாச்சி, ராத்திரி மழை பெஞ்சாலும் அங்கதான் போவும்” என்றார். அன்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் நான் கூடாரம் விரித்ததில்லை.

நானும் தங்கையும் எங்கள் பிள்ளைகள் மூவருமாக ஓர் இரவு கூடாரத்தில் தங்க விரும்புகிறோம். ஆண்கள் உடன் வரவில்லை. தனிமையான இடம் என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, வள்ளியூர்

அவர்களின் பயத்தை ஒதுக்கித் தள்ள வேண்டாம். அதற்கு வழி செய்துவிட்டே புறப்படலாம். கூப்பிடு தூரம் என்று நம் முன்னோர் ஓர் அளவு வைத்திருந்தார்கள்: உரக்கக் கூப்பிட்டால் மறுமுனையில் ஒருவருக்குக் கேட்கும் தொலைவு. உங்கள் கூடாரத்துக்குச் சரியான அளவு அதுதான். குடும்பமாக ஆட்கள் குடியிருக்கும் தோட்டமாகப் பார்த்து, அந்த வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், மரங்களுக்குப் பின்னால் வீட்டு விளக்கு தெரியாத இடத்தில் கூடாரத்தைப் போடுங்கள். உங்களுக்கு வேண்டிய தனிமை கிடைக்கும். ஆபத்து என்றால் ஆள் வரும். உறவினரோ, உடன் வேலை பார்ப்பவரோ, அவர்களுக்குத் தெரிந்தவரோ ஒருவருக்காவது களக்காடு, ஏர்வாடி, திசையன்விளைப் பக்கத்தில் தோட்டம் இல்லாமல் இருக்காது. களக்காட்டுப் பக்கம் என்றால் மலையடிவாரத்தை ஒட்டிய வாழைத் தோட்டங்களைத் தவிருங்கள். பன்றியும் கரடியும் இரவில் இறங்கும்.

முதல் நாள் மதியமே போய்விடுங்கள். அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசி, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் திரும்பி வந்த பின் போடுங்கள். ஊர்ப்பெயரைப் போடாமல் விடுவது அந்தத் தோட்டக்காரருக்கும் நல்லது. சென்னைக்காரர் ஒருவர் போட்ட ஒரே படத்தால், எனக்குத் தெரிந்த ஒரு கிணற்றடியில் அடுத்த இரண்டு மாதம் வாரந்தோறும் வண்டிகள் வந்து நின்றன. கடைசியில் அந்தப் பெரியவர் கம்பிவேலி போட்டுவிட்டார்.

கூந்தன்குளத்தில் பறவைகளுக்கு அருகிலும், உவரிக் கடற்கரையிலும் கூடாரம் போடலாமா?
— வாசகர், திசையன்விளை

கூந்தன்குளத்தில் வேண்டாம். 1994-இல் ஏறத்தாழ 129 ஹெக்டேரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம் அது. அதைவிடப் பெரிய காரணம் அந்த ஊர் மக்கள். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல், தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகளின் எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே போய் நாம் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பது முறையாகாது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு விளையில் தங்கி, விடியும் முன் எழுந்து போனால், இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் கூட்டமாக எழும்புவதைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குக் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம்.

கடற்கரையைப் பொறுத்தவரை, ஆளில்லாத மணலாகத் தெரிவதும் மீனவர்களின் தொழில்களமே. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் தங்கக் கூடாது. தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் என்பதால் அப்போது விளக்கு வெளிச்சம் ஆகாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையில் இரவில் நிற்பதையே தவிர்த்துவிடுங்கள்.

தேரி என்னும் செம்மணல் மேட்டில் கூடாரம் போட்டோம். முளைகள் மணலில் நிற்கவே இல்லை. பாம்புப் பயத்தில் தூக்கமும் வரவில்லை. தேரியை விட்டுவிட்டு அடுத்த முறை தாமிரபரணி மணல்திட்டில் தங்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

உங்கள் அனுபவம் எனக்கும் நேர்ந்ததுதான். ஓர் ஆடி மாதத்தில் இட்டமொழித் தேரியின் ஓரத்தில் நள்ளிரவுக்குப் பின் மூன்று முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வர, கூடாரத்தின் மேற்குச் சுவர் என் முகத்தின் மேல் வந்து படிந்தது. வெளியே வரலாம் என்றால் கதவின் ஜிப்பை அசைக்க முடியவில்லை. டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு பார்த்தபோது, ஜிப்பின் பல்லுக்குப் பல் நடுவில் தேரியின் சிவந்த குருமணல் குங்குமம் போலச் செறிந்து கிடந்தது. சட்டைப் பையில் இருந்த சீப்பின் முனையால் அதைச் சுரண்டியெடுத்து வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷைக் கூடாரத்தோடு சேர்த்தே கட்டி வைத்திருக்கிறேன்.

தேரியில் முளை அடித்துப் பயனில்லை. ஐந்து கிலோ அரிசிப் பை அளவிலான துணிப்பைகள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் இடுப்பில் கட்டி, கயிற்றுக்குக் குறுக்காக ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். மேல்காற்றுக் காலமானால் கூடாரத்தின் தாழ்ந்த, குறுகிய முனை மேற்கே இருக்கட்டும், கதவு கிழக்கே. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட நான்கு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உங்களுக்கு அடியில் கொண்டுவந்துவிடும். எந்த நிலமானாலும் தென்னைக்கு அடியில் வேண்டாம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும் பனைக்கு அடியிலும் வேண்டாம்.

பாம்பைப் பொறுத்தவரை, வெறும் தரையில் பாய் விரித்துப் படுப்பவரைவிட, ஜிப் போட்ட கூடாரத்துக்குள் படுப்பவர் பாதுகாப்பானவர். இரவில் இரை தேடும் கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரின் படுக்கைக்குள் வரும்; அது கடிப்பது பல நேரம் வலிப்பதே இல்லை. விடியற்காலையில் வயிற்று வலியோ, இமை சொருகுவதோ, பேச்சுக் குழறுவதோ தெரிந்தால், கடித்த தடம் தெரியவில்லை என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் கொடுக்கப்படுகிறது. எந்தப் பாம்பு என்று அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கூடாரத்துக்குள் ஏறுமுன் செருப்பை உதறி உள்ளே வைத்துக்கொண்டு, ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து மூடுங்கள். இரவில் வெளியே போனால் டார்ச் இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க வேண்டாம்.

தாமிரபரணி மணல்திட்டு எத்தனை அழகாக இருந்தாலும் தங்குமிடம் அன்று. மழையே பெய்யாத நாளிலும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் திறக்கும் நீரின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கும்போது அது உங்களுக்குத் தெரியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆறு, குளம், ஓடை மூன்றையுமே மறந்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஆறும் குளங்களும் ஒன்றாகிப் போனதை இந்தச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. மற்ற மாதங்களில் ஆற்றோசை கேட்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், கரைக்கு மேலே, பழைய வெள்ளத்தில் வந்த செத்தை எந்த உயரத்தில் மரங்களில் சிக்கித் தொங்குகிறது என்று பாருங்கள். அதற்கும் மேலே, தோட்டக்காரரிடம் கேட்டு, கூடாரத்தைப் போடுங்கள். மலம் கழிக்கக் குழி தோண்டுவதானால் தண்ணீரிலிருந்து இருநூறு அடியாவது தள்ளி, அரையடிக்குக் குறையாத ஆழத்தில் தோண்டி மூடுங்கள். கீழே பல ஊர்களுக்கு அது குடிநீர்.